ஊதா மெத்தையில் யாரும் உட்காரக் கூடாது

எங்கள் ஊர் ஏரி முன்பெல்லாம் குளிர்காலத்தில் கரைக்குக் கரை உறையும். உறைந்த பனி நடுவே வெடித்து, வரப்பு போட்டதுபோல் எழும்பி நிற்கும். அந்த வரப்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்துக் கோயில் பூசாரி அந்த வருஷத்து விளைச்சலைச் சொல்வார். இப்போது சில வருஷங்களாக ஏரி உறைவதில்லை. ஆனாலும் பூசாரி குளிர் முற்றும் நாட்களில் விடியுமுன் எழுந்து கோடரியோடு கரைக்குப் போகிறார், தண்ணீரைப் பார்க்கிறார், "இன்று இல்லை" என்று குறித்துவைத்துவிட்டுத் திரும்பிவருகிறார்.

இப்படிப்பட்ட ஊரில் 'அகேஹா வருங்கால மாடல் ஆய்வுக் கழகம்' தோன்றியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அகேஹா எங்கள் ஊர்க் கேமரா கம்பெனி. ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்க்கிறார். மீதிப் பாதியில் யாராவது ஒருவர் அங்கே வேலை கிடைக்காதவர். இரு தரப்பும் வித்தியாசமில்லாமல் அகேஹா கேமராவைத்தான் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். எதிர்க் கம்பெனியின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. 'அந்தப் பக்கம்' என்றால் போதும்.

அகேஹா கடைசியாக ஒரு புது மாடலை வெளியிட்டு வெகுகாலமாகிவிட்டது. அடுத்தது என்ன, எப்போது, எப்படி இருக்கும் என்று ஆராய்வதற்காகக் கழகம் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு சோபா என்னும் நூடுல்ஸ் விற்கும் கடையின் மாடியில் கூடும். பாய் விரித்த அறை. உறுப்பினர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே மண்டியிட்டு அமர்வார்கள். தலைமாட்டில், சுவரையொட்டி, ஊதா நிறப் பட்டு மெத்தை ஒன்று காலியாகக் கிடக்கும். அது 'அடுத்தது' வந்தால் வைப்பதற்கு. அதன் அளவு யாருக்கும் தெரியாததால் ஆள் உட்காரும் மெத்தையாகவே வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் யாரும் உட்காரக் கூடாது. கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் அதை நோக்கித் தலை தாழ்த்துவார்கள்.

கழகத்தில் ஜூடோவைப்போலப் படிகள் உண்டு. புதிதாக வந்தவர் படியில்லாதவர். பிறகு முதல் படி, இரண்டாம் படி என்று ஏறிக்கொண்டே போகலாம். ஏறுவதற்குக் கணிப்பு பலிக்க வேண்டும் என்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை பல்டாக்டர் ஒருவர், கேமராவோடு வரும் தோள்வாரின் நிறம் கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறும் என்று சொன்னார். அப்படியே மாறியது. கழகம் கலங்கிப்போனது. விசாரணைக் குழு கூடி, "சரியாகச் சொன்னவருக்கு உள்ளே ஆள் இருக்க வேண்டும். அது ஆய்வல்ல, ஒட்டுக்கேட்டல்" என்று தீர்ப்பளித்து அவருடைய படியைப் பறித்தது. அதற்குப் பிறகு அந்தத் தவறை யாரும் செய்யவில்லை.

இந்தக் கழகத்துக்குத்தான் யாஜிமா தெப்பெய் ஒரு வசந்தகாலத்தில் வந்துசேர்ந்தான். அவனுக்கு ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. ஸ்டேஷனுக்குப் பின்னால் சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தான். மழலையர் பள்ளி விழாக்களுக்குப் படம் எடுப்பதுதான் பிழைப்பு. அவனுடைய அகேஹா கேமரா கிழண்டுவிட்டது. நின்றுகொண்டிருக்கும் குழந்தையை நன்றாக எடுக்கும். ஓடும் குழந்தையைக் கண்டால் ஃபோகஸ் பிடிப்பதற்குள் லென்ஸ் முன்னும் பின்னும் முனகி, குழந்தை வீட்டுக்கே போய்விடும்.

மழலையர் பள்ளி முதல்வர் ஒகுச்சி அம்மாள் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

"யாஜிமா சான், போன வருஷ விளையாட்டு விழாப் படத்தை நீங்களே பாத்தீங்களா? பசங்க எல்லாம் ஆவி மாதிரி இருக்காங்க. ஒரு அம்மா வந்து, 'இதுல என் பையன் எது?'ன்னு கேக்கறாங்க. 'உங்களுக்குப் பிடிச்ச ஆவியை எடுத்துக்கோங்க'ன்னா சொல்லமுடியும்?"

"கேமரா பழசாயிடுச்சுங்க அம்மா..."

"அது உங்க பாடு. இந்த வருஷமும் இப்படியே இருந்தா நான் வேற ஆள் பாக்கவேண்டியிருக்கும். உங்க பொண்ணும் இங்கதான் படிக்கறா, இதைச் சொல்ல எனக்கும் சங்கடமா இருக்கு."

அவனுடைய பெண் இரோஹாவுக்கு அது மழலையர் பள்ளியில் கடைசி வருஷம். இலையுதிர்கால விழாவின் முடிவில் நடக்கும் தொடர் ஓட்டத்தில் அவள்தான் கடைசியாக ஓடுகிறவள். அந்த ஓட்டத்தை எடுக்க வேண்டும். எடுப்பதற்குக் கேமரா வேண்டும். அவனிடம் இருந்த லென்ஸ்கள் எல்லாம் அகேஹாவில்தான் மாட்டும். 'அந்தப் பக்கம்' போனால் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டும். இருக்கிற பழைய மாடலையே புதிதாக ஒன்று வாங்கினால் ஆவிகள் கொஞ்சம் தெளிவாக வரும், அவ்வளவுதான். புது மாடல் வருமா, வராதா? இதைக் கேட்கத்தான் மாடி ஏறினான்.

கழகத் தலைவர் கசஹாரா, நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் குறைகேட்கும் மேசையில் இருந்து ஓய்வுபெற்றவர். குழாயில் தண்ணீர் வராதவர்களிடம் இதமாகப் பேசிப் பேசி அவர் குரலே ஒரு ஈரப்பதத்தோடு இருக்கும். தெப்பெய் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி, உங்க பொண்ணு ஓடப்போறது எப்ப?"

"இலையுதிர்காலம்ங்க, தலைவரே."

"அப்ப நேரம் இருக்கு. காத்திருங்க."

"வந்துடுமா?"

"தொழிற்சாலை வண்டி நிறுத்துமிடத்துல ராத்திரியில விளக்கு எரியுது. கேன்டீன்ல சாப்பாட்டுப் பெட்டி கூடுதலா வாங்கறாங்க. போன மாசம் அவங்க இணையதளத்துல ஒரு கமா காணாமப்போச்சு. இதுக்கு மேல என்ன வேணும்? இப்போ போய் நீங்க ஏதாவது ஒண்ணை வாங்..." அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். வாங்குவது என்ற சொல் அந்த அறையில் விலக்கப்பட்டது. "...அவசரப்பட்டுட்டா, மறுநாளே அது வந்து நிக்கும். அப்பறம் காலத்துக்கும் வயிறெரியும். நானும்தான் காத்திருக்கேன். என் பேத்திங்க ஓடலையா? இதோ பாருங்க."

அவர் தன் கழுத்தில் தொங்கிய அகேஹாவைக் காட்டினார். தெப்பெயுடையதைவிடப் பழசு. இவ்வளவு பெரிய மனிதரே காத்திருக்கும்போது நமக்கு என்ன என்று தெப்பெய்க்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய் மனைவி சவாக்கோவிடம் சொன்னான்.

"கமா காணாமப்போச்சா?" என்றாள் அவள்.

"ஆமா."

"ஏங்க, இந்த வீட்டுல போன வருஷம் ஒரு குடையே காணாமப்போச்சு. நமக்கு என்ன வரும்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"

கோடைகாலத்தில் கழகத்தின் ஆண்டு விழா நடந்தது. அகேஹாவின் மக்கள் தொடர்புப் பிரிவுத் தலைவர் நகஜோ சிறப்பு விருந்தினர். மடிப்புக் கலையாத கோட்டில் வந்து ஊதா மெத்தைக்குத் தலை தாழ்த்தினார். உறுப்பினர்களில் ஒருவர் அவருடைய இருமல்களைக் குறிக்கவும், இன்னொருவர் அவர் எந்தக் கையால் தண்ணீர் குடிக்கிறார் என்று கவனிக்கவும் நியமிக்கப்பட்டிருந்தார்கள்.

"வருங்காலப் பொருள்களைப் பத்தி நான் எதுவும் சொல்லமுடியாது" என்று நகஜோ தொடங்கினார். பலத்த கைதட்டல். "சொல்லமுடியாதுங்கறதையும் எவ்வளவு தூரம் சொல்லலாம்னு மேலிடத்துல கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். ஆனா ஒண்ணு. உங்க எதிர்பார்ப்பு எங்க கம்பெனிக்குப் பெரிய சொத்து. போன ஆண்டறிக்கையில அதைக் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் மேல எழுதியிருக்கோம். யோசிச்சுப் பாருங்க. ஒரு கேமராவை வெளிய விட்டா கனமா இருக்குங்கறாங்க, பேட்டரி நிக்கலைங்கறாங்க. வராத கேமராவைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் ஒரே ஒரு புகார்கூட வரலை. எங்க தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு இதை ரொம்பப் பெருமையா நினைக்குது. உங்க மாதச் சுற்றிதழுக்காக எங்க திட்டப் பிரிவு ஒவ்வொரு மாசமும் வாசலையே பாத்துட்டு நிக்குது. நாம அடுத்து என்ன செய்யப்போறோம்னு அதைப் படிச்சுத்தான் அவங்க தெரிஞ்சுக்கறாங்க."

அறை உருகிவிட்டது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். படியில்லாதவர்கள் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. ஆனால் தெப்பெய் கையைத் தூக்கிவிட்டான்.

"இலையுதிர்காலத்துக்குள்ள வந்துடுமாங்க? என் பொண்ணு தொடர் ஓட்டத்துல ஓடறா."

நகஜோ எழுந்து நின்று இடுப்பை வளைத்து வணங்கினார். "உங்க மகளோட ஓட்டத்தை எங்க கம்பெனி மனசார ஆதரிக்குது."

அந்த ஒரு வாக்கியத்தைக் கழகம் அடுத்த மாதம் முழுவதும் ஆராய்ந்தது. அவர் 'ஆதரிக்கும்' என்று சொல்லவில்லை, 'ஆதரிக்குது' என்றார். அப்படியென்றால் ஓடுகிறவர்களைத் தொடர்ந்து பிடிக்கும் ஃபோகஸ் ஏற்கெனவே தயார். வணங்கியபோது அவர் உடல் முன்பக்கம் வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்ந்தது. அப்படியென்றால் லென்ஸ் கனமானது. கசஹாரா தெப்பெயைப் பார்த்துத் தலையசைத்தார். "உங்க கேள்விதான் அவரை உளறவச்சுது, தம்பி. இனி அசையாம இருங்க."

தெப்பெய் அசையாமல் இருந்தான்.

விழாவன்று காலை, நிகழ்ச்சி உண்டு என்று ஊருக்கு அறிவிக்கும் வாணம் வானத்தில் வெடித்தது. புது மாடல் வரவில்லை. தெப்பெய் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். பெற்றோர்கள் நீலத் தார்ப்பாயை விரித்து, சோற்று உருண்டையும் பொரித்த கோழியும் கொண்டுவந்து இடம் பிடித்திருந்தார்கள். குழந்தைகள் கூடையில் பந்து எறிந்தார்கள், முட்டிபோட்டு வலைக்கடியில் ஊர்ந்தார்கள். தெப்பெயின் லென்ஸ் ஒவ்வொருவரையும் பார்த்து முனகியது. இரோஹா கடைசியாக ஓடுகிறவருக்கான துணிப்பட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்துக் கத்தினாள்.

"அப்பா! நான் கடைசி வளைவுல வேகமா வருவேன்! அங்க நில்லு!"

அவன் கடைசி வளைவில் மண்டியிட்டான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றிருந்தார். இரோஹாவோடு படிக்கும் பையனின் அப்பா மொமொசே. அகேஹாவில் வடிவமைப்புப் பொறியாளர் என்று ஊருக்கே தெரியும். அவர் கையில் ஒரு கேமரா இருந்தது. அதன் நெற்றியில், கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. பக்கவாட்டிலும் டேப். அடியிலும் டேப்.

வேறு எந்தத் தொழிலில் இருப்பவனானாலும் அதைப் பார்த்துக் கேமரா உடைந்திருக்கிறது என்று நினைத்திருப்பான். ஆனால் எந்தக் கம்பெனியும் வெளிவராத மாடலை வெளியே எடுத்துப்போய்ச் சோதிக்கும்போது பெயரை டேப்பால் மறைக்கும் என்பது கழகத்தில் படியில்லாதவனுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். தெப்பெய்க்கு மயிர்க்கூச்செறிந்தது. தலைவர் சொன்னது பலித்துவிட்டது. அடுத்தது வந்துவிட்டது. அவனுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், வந்து நிற்கிறது.

கூட்டம் ஓவென்று கூவியது. இரோஹா கைமாற்றுக் கட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். முன்னால் ஒரு பையன், இவள் அவனைத் துரத்துகிறாள். தெப்பெய் கேமராவைத் தூக்கினான். தூக்கி, பெண்ணின் பக்கம் திருப்பாமல், மொமொசேயின் பக்கம் திருப்பினான். ஒரே ஒரு படம். லென்ஸ் முன்னும் பின்னும் முனகிப் பிடித்தது. அழுத்தினான். பிறகு சட்டென்று ஓடுபாதைக்குத் திரும்பினான். லென்ஸ் மறுபடியும் முனகத் தொடங்கியது. முனகி முடித்தபோது வளைவில் புழுதி மட்டும் இருந்தது. தூரத்தில் இரோஹாவை ஆசிரியைகள் தூக்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் தெப்பெய் எடுத்த கலங்கலான படம் ஊதா மெத்தைக்கு மேலே சுவரில் மாட்டப்பட்டது. கறுப்பு டேப் ஒட்டிய ஏதோ ஒன்று, அதற்குப் பின்னால் மொமொசேயாக இருக்கக்கூடிய ஒரு கறை. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு நகர்ந்துபோய்ப் பார்த்தார்கள். தெப்பெய் நேரே மூன்றாம் படிக்கு உயர்த்தப்பட்டான்.

"மத்தவங்களா இருந்தா பொண்ணைத்தான் எடுத்திருப்பாங்க" என்றார் கசஹாரா. குரல் தழுதழுத்தது. "இவர் நம்ம கழகத்தை எடுத்தார்."

அதே வாரம் ஒகுச்சி அம்மாள் வேறு படக்காரரை ஏற்பாடு செய்துகொண்டதாகச் சொல்லியனுப்பினார். அன்று மாலை இரோஹா ஸ்டுடியோவில் தொங்கிய படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்பா, நான் ஓடினது எங்க?"

"அது... இன்னும் வரலைடா."

"எப்ப வரும்?"

கழகத்தில் பழகிய வாய் அவனை அறியாமல், "காத்திரு" என்றது. சவாக்கோ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். வழக்கம்போல் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மொமொசே அந்த வளைவில்தான் நின்றிருந்தார். அவர் கேமராவில் இரோஹா இருக்கலாம். தெப்பெய் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போய் நின்றான். மொமொசே அவனைப் பார்த்ததும் வெளிறிப்போய்க் கார் கதவைத் திறந்தார்.

"உள்ள ஏறுங்க. சீக்கிரம்." கண்ணாடிகளை ஏற்றினார். "பாத்துட்டீங்கன்னு அன்னிக்கே தெரியும். யார்கிட்டல்லாம் சொன்னீங்க?"

"பேரைச் சொல்லலைங்க. புது மாடலை ஒருத்தர் சோதிக்கறார்னு மட்டும்..."

மொமொசே பின்னிருக்கைப் பையிலிருந்து கேமராவை எடுத்து, நெற்றி டேப்பை நகத்தால் கிளப்பி உரித்தார். உள்ளே 'அந்தப் பக்கத்து' எழுத்துகள் பளபளத்தன.

தெப்பெய் எழுத்துகளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என் பையன் இந்த வயசுல ஒரு தடவைதாங்க ஓடுவான்" என்றார் மொமொசே. "நம்ம கேமரா எப்படிப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? நான்தானே அதைச் செஞ்சேன்."

"அப்ப அடுத்தது?"

"எது அடுத்தது? கேமரா வரையற அறையை மூடி எவ்வளவோ காலம் ஆச்சு. நாங்க இப்போ வயித்துக்குள்ள விடற குழாய்க்கு லென்ஸ் செய்யறோம். ராத்திரி விளக்கு எரியறது அதுக்குத்தான். உங்க சுற்றிதழ் வந்ததுலேர்ந்து ஆபீஸ்ல வேற ஒரே அமளி. 'சோதனை நடக்குதாமே, எந்தப் பிரிவு செய்யுது'ன்னு. எல்லாப் பிரிவும் மத்தப் பிரிவைப் பாராட்டி மெயில் போட்டுட்டு இருக்கு. நான்கூட ரெண்டு போட்டேன்."

அவர் மறுநாள் ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். இரோஹா கடைசி வளைவில், இரண்டு காலும் தரையில் படாமல், வாய் பிளந்து, விழுந்த பல்லின் சந்து தெரிய, முன்னால் ஓடிய பையனைத் தாண்டும் அந்தக் கணம். குதிகாலில் கிளம்பிய புழுதியை எண்ணலாம்போல் இருந்தது. அவள் பின்னால், ஓரத்தில், ஒருவன் மண்டியிட்டிருந்தான். அவன் கேமரா அவளைப் பார்க்கவில்லை. அதுவும் துல்லியமாகத் தெரிந்தது.

தெப்பெய் அந்தப் படத்தோடு கழகத்துக்குப் போனான். பேரைச் சொல்லாமல் மீதி எல்லாவற்றையும் சொன்னான். டேப்பைப் பற்றி, மூடிய அறையைப் பற்றி, வயிற்றுக் குழாயைப் பற்றி. அறை அமைதியாகக் கேட்டது. நூடுல்ஸ் கடைக்காரர்தான் கழகச் செயலாளர். அவர் முதலில் தொண்டையைக் கனைத்தார்.

"உள்ள இருக்கறவரே சொன்னாரா?"

"ஆமாங்க."

"அப்ப இது ஒட்டுக்கேட்டல். ஆய்வுல சேராது."

"உண்மைங்க இது!"

"தம்பி, தம்பி" என்றார் கசஹாரா, அதே ஈரக் குரலில். "உண்மைன்னே வச்சுக்குவோம். கழகத்துல அதுக்கு ஒரு வகை உண்டு. 'உறுதிசெய்யப்படாத உண்மை'. அதை ஒரு ஓரமா வச்சுடலாம். நான் கேக்கறேன், ஒரு பெரிய கம்பெனி ரகசியமா சோதனை செய்யும்போது மாட்டிக்கிட்டா, பொறியாளர் என்ன சொல்லுவார்? 'இது அந்தப் பக்கத்துது'ன்னுதான் சொல்லுவார். நெற்றியில அவங்க எழுத்தை ஒட்டி, அதுக்கு மேல டேப் ஒட்டியிருக்காங்க. நம்ம அகேஹாவோட ஆழத்தைப் பாருங்க." அவர் இரோஹாவின் படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். "இந்தப் புழுதியைப் பாருங்க. அந்தப் பக்கத்தால இப்படி எடுக்கமுடியுமா? மனசைத் தொட்டுச் சொல்லுங்க."

படம் பெரிதாக்கப்பட்டு, 'அடுத்ததன் முதல் மாதிரிப் படம்' என்ற தலைப்போடு கழகச் சுவரில் ஏறியது. ஓரத்தில் மண்டியிட்டிருந்தவன் படத்தின் அமைதியைக் கெடுக்கிறான் என்று வெட்டிவிட்டார்கள்.

"பொண்ணு படத்தை வீட்டுல மாட்டலை" என்றாள் சவாக்கோ. "வராத கேமராவுக்கு விளம்பரமா மாட்டியிருக்காங்க. நீங்களும் பாத்துட்டு வந்திருக்கீங்க. நல்லா இருந்ததா?"

அந்தக் குளிர்காலத்தில் தெப்பெய் தன் லென்ஸ்களையெல்லாம் பெட்டியில் போட்டு மலைக்கு அந்தப்புறம் இருக்கும் ஊருக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு, 'அந்தப் பக்கத்து' கேமராவோடு திரும்பினான். ஸ்டுடியோ வீட்டுக்காரர் அகேஹாவில் வேலை பார்ப்பவர். பக்கத்து ரொட்டிக் கடைக்காரரின் மாப்பிள்ளையும் அங்கேதான். கடைசியில் அவனும் கறுப்பு டேப் வாங்கினான். துரோகிக்குக் கழகத்தில் இடமில்லை என்று தானாகவே கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டான். போகாதபோதும், காத்திருந்து பெண்ணின் ஓட்டத்தைக் கோட்டைவிட்டவன் என்பதைவிட, காத்திருக்கும் கசஹாரா போன்ற மனிதரை ஏமாற்றிவிட்டவன் என்பதுதான் அவனை அதிகமாக உறுத்தியது.

அடுத்த இலையுதிர்காலத்தில் இரோஹா தொடக்கப் பள்ளியில் ஓடினாள். இந்தமுறை தெப்பெய் கூலிக்கு வந்த படக்காரன் இல்லை, வெறும் அப்பா. கயிற்றோரம் போய் நின்றான். பக்கத்தில் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு ஒருவர் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தார். நெற்றியில் கறுப்பு டேப். தெப்பெய் திரும்பினான். அவரும் திரும்பினார்.

கசஹாரா.

இருவரும் ஒருவர் கேமராவை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மழை வராதுன்னு நினைக்கறேன்" என்றார் கசஹாரா.

தெப்பெய் இரண்டு டேப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடையது புதுசு, கன்னங்கரேலென்று இருந்தது. கசஹாராவுடையது வெளிறிச் சாம்பலாகியிருந்தது. ஓரங்கள் சுருண்டு, பசை அழுக்கேறி, மூலைகளில் கட்டைவிரல் பட்டுப் பட்டுப் பளபளப்பாகியிருந்தது. ஒரு கோடையில், ஒரு குளிரில் டேப் அப்படி ஆகாது.

"எப்ப வாங்குனீங்க, தலைவரே?"

விலக்கப்பட்ட சொல்லைக் கேட்டு அவர் முகம் சுளித்தார். பிறகு மெதுவாக, "பெரிய பேத்தி மழலையர் பள்ளியில சேந்தப்ப" என்றார்.

பெரிய பேத்தி அதோ, ஐந்தாம் வகுப்பு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப என் தோள்ல கை வச்சுக் காத்திருன்னு சொன்னப்ப..."

"வீட்டுல இருந்தது" என்றார் கசஹாரா. கொஞ்சமும் கூச்சமில்லாமல், குழாயில் தண்ணீர் வராதவர்களிடம் பேசிய அந்த இதமான குரலில் தொடர்ந்தார். "தம்பி, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. நான் காத்திருக்கறது சத்தியம். ராத்திரியில தூக்கம்கூட வர்றதில்லை. படம் எடுக்கறது வேற, காத்திருக்கறது வேற. ரெண்டையும் ஒரே கேமராவுல செய்யணும்னு யார் சொன்னது? கழகத்துல எல்லாருமே அதைப் புரிஞ்சுதான் நடந்துக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான்..." அவர் சொல் தேடினார். "நீங்க ஒருத்தர்தான் சொன்னதை அப்படியே நம்பிட்டீங்க. எங்களுக்கே அது ஆச்சரியம்."

ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி வெடித்தது. கசஹாரா சட்டென்று கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய்ப் பேத்தியைப் படபடவென்று எடுத்துத் தள்ளினார். ஒரு படம்கூடத் தவறியிருக்காது. அத்தனை கை பழகியிருந்தது.

இரோஹாவின் முறை வந்தபோது தெப்பெயும் எடுத்தான். எல்லாம் தெளிவாக விழுந்தன. அவள் மூச்சிரைக்க ஓடிவந்து கேமராவைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இப்போ இருக்கே! போன தடவை ஏன் இல்லை?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. ஏழு வயதுக் குழந்தையிடம் சொல்லக்கூடிய பதிலாக இல்லை.

அந்த மாதத்து இரண்டாம் ஞாயிறு, கூட்டத்துக்குச் சற்று முன்னால், நூடுல்ஸ் கடையின் பின்படி வழியாகத் தெப்பெய் மாடிக்கு ஏறினான். அறை காலியாக இருந்தது. சுவரிலிருந்து தன் பெண்ணின் படத்தைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கிளம்பப் போனவன் நின்றான். ஊதா மெத்தை வழக்கம்போல் காலியாகக் கிடந்தது. தெப்பெய் அதன் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வசதியாகத்தான் இருந்தது. பையிலிருந்து சவாக்கோ கட்டிக்கொடுத்த சோற்று உருண்டையை எடுத்து, கடல்பாசித் தாள் நொறுங்க, அவசரமில்லாமல் தின்றான். கேமராவின் நெற்றி டேப்பை உரித்து உருட்டி மெத்தைமேல் போட்டான். பிறகு இறங்கிப்போய்விட்டான்.

அந்த மாதத்துச் சுற்றிதழ் சிறப்பிதழாக வந்தது. வழக்கம்போல் அகேஹாவின் திட்டப் பிரிவுக்கும் ஒரு பிரதி போனது. முதல் பக்கத்துச் செய்தி இது:

"நம் மெத்தையில் ஆழமான பள்ளம் ஒன்று காணப்பட்டது. தொட்டுப் பார்த்தபோது இளஞ்சூடாகவும் இருந்தது. பக்கத்தில் உரிக்கப்பட்ட கறுப்பு டேப் கிடந்தது. மாதிரிப் படம் திரும்பப் பெறப்பட்டுள்ளது. அடுத்தது வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது என்று தலைவர் கசஹாரா உறுதிப்படுத்தினார். பள்ளத்தின் ஆழத்தைக் கொண்டு பார்க்கும்போது அதன் எடை நாம் கணித்ததைவிடச் சற்றே அதிகம். அதைக் குறைக்கும் வேலையில் கம்பெனி ஈடுபட்டிருக்கும் என்பதால் சிறிது தாமதமாகலாம். உறுப்பினர்கள் காத்திருக்கவும்."